புதுப்பிப்பு: என்பிடெல் பாடத்தை ஏற்றுக்கொண்டார்கள்

மத்திய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயத்தில் படிக்கும் என்பிடெல் (ஐஐடிகள் போன்றவை நடத்தும் இணையவழிப் பாடங்கள்) பாடத்தைக் கல்லூரி விருப்பப் பாடத்துக்கு ஈடாக எடுத்துக்கொள்ளுமா என்று முன்பு கேட்டிருந்தேனே, எடுத்துக்கொண்டார்கள்! 12 வாரப் பாடம், 3 கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் அலகு).

சேர்வதற்கு முன்பே துறைத்தலைவரைப் பார்த்தேன். இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யூனிட் யூனிட்டாகப் பென்சிலால் டிக் அடித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார். நீங்களும் அந்தக் கையெழுத்தை முதலில் வாங்கிவிடுங்கள், அழுத்திச் சொல்கிறேன். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2021 விதிப்படி ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை இப்படி ஸ்வயம் பாடங்களாக எடுக்கலாம். எந்தப் பாடம் என்பது கல்லூரி முடிவு.

படிப்பு இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். தேர்ச்சி பெற அசைன்மென்டில் 25க்கு குறைந்தது 10, நேரில் எழுதும் தேர்வில் 75க்கு குறைந்தது 30, இரண்டும் தனித்தனியாக வேண்டும். அடுத்த செமஸ்டருக்கும் விண்ணப்பித்துவிட்டேன்.