எலிக்காய்ச்சல் அறிவித்தல் படிவம்: புதுப்பிப்பு

போன கிழமை கேட்டிருந்தேன்: கிளிநொச்சிப் பக்கம் நான் வேலை செய்யும் சின்னத் தனியார் கிளினிக்கிற்குக் காய்ச்சல், கெண்டைக்கால் நோ, சிவந்த கண்ணோடு வயல்காரர் ஒருவர் வந்தார், எலிக்காய்ச்சல் சந்தேகம், இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அறிவிக்காமல் இருக்கலாமா என்று.

இருக்கக்கூடாது. தொற்றுநோயைச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்கும் எச் 544 படிவத்தைச் சந்தேகம் வந்தவுடனேயே அனுப்பவேண்டும், தனியார் வைத்தியர்களுக்கும் அதே கடமைதான். பலர் அதையே சொன்னீர்கள், நன்றி.

அன்றே டொக்டர் நிரப்பித் தர, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கொடுத்தேன். ஆனால் விலாசத்தை அடையாள அட்டையைப் பார்த்து எழுதிவிட்டோம், அது இடம்பெயர முன்னிருந்த ஊர், பாவம் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயா அரைநாள் அலைந்துதான் வீட்டைக் கண்டுபிடித்தார். எனக்கு அது பெரிய கவலை, ஏனென்றால் அந்த அரைநாளும் நோயாளியோடு வேலை செய்தவர்கள் அதே வயலில் நின்றார்கள். இப்போது தற்போதைய இருப்பிடம், கிராம அலுவலர் பிரிவு, தொலைபேசி இலக்கம் மூன்றையும் கேட்டு எழுதி, கொடுத்த திகதியையும் கொப்பியில் பதிகிறேன்.

நோயாளி தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். கூட நின்றவர்களுக்கு நோய் வராமல் தடுக்கப் பி.எச்.ஐ. டொக்ஸிசைக்ளின் குளிசை கொடுத்திருக்கிறார், கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம். வயல் செய்பவர்கள் காலபோக விதைப்புக்கு இறங்க முதலே பி.எச்.ஐ.யிடம் போய்க் கேளுங்கள்.