"ஒரு வரிகூட வேண்டாம்" என்று சொன்னவருக்கு ஒரு கேள்வி

தண்ணீர்மலை | இரவு 8.40
போன வாரம் மாலைக்கடை மருமகள் ஒரு கேள்வி கேட்டிருந்தார். ஜார்ஜ் டவுன் லெபோ பாசாரில் மாமியார் நடத்தும் பூமாலைக் கடைக்கு அகப்பக்கம் வேண்டும், கையில் இருப்பது மேக்புக் ஏர், நிரல் தெரியாது, எந்த மென்பொருளை வாங்கலாம் என்று. அதற்குச் செந்தூல்வாசி ஐயா அருளிய பதில்: "மேக் வைத்திருப்பவருக்கு ஒரு வரி நிரல்கூட வேண்டாம். ஸ்பார்க்கிள் என்ற தளம் கட்டும் செயலியை இறக்குங்கள், படத்தை இழுத்துப் போடுங்கள், முடிந்தது." அன்று பொறுத்துக்கொண்டேன். இன்று அதே பாட்டை வேறு இருவரிடமும் பாடியிருக்கிறார். தளத்தை ஏற்றிய பிறகு, இது என்னுடையதுதான் என்று கூகுள் தேடலுக்கு நிறுவ, பக்கத்தின் கண்ணுக்குத் தெரியாத தலைப்பகுதியில் ஒரு மெட்டா வரியைப் போடச் சொல்கிறார்களே, அது என்ன, கோலமா?

செந்தூல்வாசி | இரவு 8.52
வந்துவிட்டார் பினாங்குப் பெரியவர். அந்த வரியைக் கூகுளே தருகிறது. நாம் நகலெடுத்து ஒட்டுகிறோம். ஒட்டுவது எழுதுவதாகுமா? தபால்தலை ஒட்டுகிறவனை ஓவியன் என்பீர்களா? அந்த வரி கண்ணை உறுத்தினால் தளத்தின் பெயரை அது இருக்கும் கணினியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவு வழியாகவும் நிறுவலாம்.

தண்ணீர்மலை | இரவு 8.55
டிஎன்எஸ் பதிவில் ஒட்டுவதும் ஒரு வரிதான். ஆக, இரண்டு வரி.

பெர்ரிப்பயணி | இரவு 9.03
சண்டைக்கு முன்னால் ஒரு வேண்டுகோள். நிரல் என்று எதைச் சொல்கிறோம்? பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் ஒரு குறியீட்டு மொழி. நிரல்மொழி என்றே பலர் அதை ஏற்பதில்லை. இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பொருளில் பேசுகிறீர்கள். முதலில் அதை வரையறுத்துக்கொண்டால் என்ன?

செந்தூல்வாசி | இரவு 9.04
தண்ணீர்மலை, அது இரண்டு வரி அன்று. இரண்டில் ஏதாவது ஒன்று போதும். கணக்கும் தெரியாதா?

பச்சையிலை | இரவு 9.10
ஏன் மேக் மேக் என்று உருகுகிறீர்கள்? விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ் போன்ற தளம் கட்டும் சேவைகள் எல்லாம் உலாவியில் ஓடுகின்றன. சஃபாரியைத் திறந்தால் போதும். மேக் ஆனால் என்ன, லோயாட் கணினிக் கடைவளாகத்தில் வாங்கிய பழைய விண்டோஸ் மடிக்கணினி ஆனால் என்ன?

செந்தூல்வாசி | இரவு 9.24
பச்சையிலை அக்கா, விக்ஸில் கட்டிய தளத்தை வெளியே எடுத்துக்கொண்டு போக முடியுமா? முடியாது. அது அவர்களுடைய சேவையகத்திலேயே, அதாவது தளத்தை வைத்திருக்கும் கணினியிலேயே, ஓட வேண்டும். ஸ்குவேர்ஸ்பேஸ் வேர்ட்பிரஸ் என்ற தளம் நடத்தும் மென்பொருளுக்காகக் கொஞ்சம் ஏற்றுமதி செய்யும், அதுவும் அரைகுறை. வாடகை வீட்டுச் சுவரில் ஓவியம் வரைவதுபோல. நான் ஒரு வாடகைச் சேவையில் அனுபவப்பட்டவன், பெயர் வேண்டாம். கடன் அட்டை காலாவதியானது எனக்குத் தெரியவில்லை. விசாகப் பூசை வாரத்தில் தளம் மறைந்துவிட்டது. கோவில் நிர்வாகத்தார் என்னைத்தான் திட்டினார்கள். ஸ்பார்க்கிள் அப்படியில்லை. கோப்பு என் மேக்கில் இருக்கிறது. இன்று ஒரு சேவையகம், நாளை இன்னொன்று, எஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் வழியில் ஏற்றினால் தீர்ந்தது. இதில் ஒரு வரியை நான் எங்கே எழுதினேன்? 2006 ஜனவரியில் ஆப்பிளின் தளம் கட்டும் செயலி ஐவெப் வந்த நாள்முதல் மேக்கில் தளம் கட்டுகிறேன். இன்றுவரை ஒரு வரி எழுதியதில்லை.

தண்ணீர்மலை | இரவு 9.31
ஐவெப்பா! நல்லவேளை, நீங்களே ஞாபகப்படுத்தினீர்கள். அதைப் புகழ்ந்தவர் யார்? 2012 ஜூன் 30-இல், ஐவெப் தளங்களை வைத்திருந்த மொபைல்மீ சேவையை ஆப்பிள் மூடியது, ஐவெப்பும் கைவிடப்பட்டது. பிறகு அடோபியின் தளம் கட்டும் செயலி மியூஸுக்குக் கொடி பிடித்தவர் யார்? 2018 மார்ச்சில் கைவிடுவதாக அறிவித்தார்கள், 2020 மார்ச்சில் ஆதரவும் நின்றது. ஐயா கை வைத்த இரண்டு குதிரையும் படுத்துவிட்டன. மூன்றாவதாக ஸ்பார்க்கிளை ஏன் தடவிக்கொடுக்கிறீர்கள்?

செந்தூல்வாசி | இரவு 9.47
அரைகுறையாகத் தெரிந்தவர் முழுவதும் தெரிந்தவரைவிடச் சத்தமாகப் பேசுவார் என்பதற்கு இதோ சான்று. ஐவெப்பின் 2009 பதிப்பிலேயே எஃப்டிபி வழியாக வேறு சேவையகத்துக்கு ஏற்றும் வசதி இருந்தது. மொபைல்மீ மூடியதும் விழித்தவர்கள் அதைப் படிக்காதவர்கள். அதிருக்கட்டும், நீங்கள் பரிந்துரைக்கும் வேர்ட்பிரஸ் பற்றிக் கொஞ்சம் பேசலாமா? 2003 மே 27-இல் வெளிவந்தது, இலவசம், திறமூலம், எல்லாம் சரி. ஆனால் புதுப்பித்தல், செருகுநிரல், காப்புநகல், ஊடுருவல் என்று தினமும் அதற்குத் தொட்டில் ஆட்ட வேண்டும். பூக்கட்டும் பெண்மணிக்கு இது தேவையா? செருகுநிரல் என்ற பெயரிலேயே நிரல் இருக்கிறது, கவனித்தீர்களா?

தண்ணீர்மலை | இரவு 9.50
சொல்லில் நிரல் இருந்தால் நிரல், பக்கத்தில் வரி இருந்தால் வரி இல்லை. அருமையான தர்க்கம். நான் வேர்ட்பிரஸ் என்று இங்கே எங்கே சொன்னேன்?

செந்தூல்வாசி | இரவு 9.51
போன ஆண்டு சொன்னீர்கள். நான் மறப்பதில்லை.

எழுத்துருப்பித்தன் | இரவு 10.02
யாரும் தமிழ் எழுத்துருவைப் பற்றிப் பேசவில்லையே. மேக்கிலேயே இணைமதியும் தமிழ்ச் சங்கம் எம்என்னும் இருக்கின்றன. இரண்டும் நம் மலேசியர் முத்து நெடுமாறன் வடித்தவை. மேக்கில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கடைக்கு வருபவர் ஆண்டிராய்டு கைப்பேசியில் பார்த்தால் அந்த எழுத்துரு அங்கே இருக்காது. மியூஸ் இதற்குக் கண்டுபிடித்த வழி இன்னும் மோசம்: கணினியில் உள்ள எழுத்துருவைத் தேர்ந்தால் அந்த எழுத்தையே படமாக மாற்றி ஏற்றிவிடும். கடைப்பெயரே படமாகிவிட்டால் தேடுபொறி எதைப் படிக்கும்? நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கட்டமரான் போன்ற வலை எழுத்துருக்களை வைத்துக்கொள்வதே நல்லது. பக்கத்தின் மொழிக்குறி ஆங்கிலமாகவே நின்றுவிடாமலும் பாருங்கள். பார்வையற்றோருக்காகத் திரையை வாசிக்கும் மென்பொருள் அதைப் பார்த்துத்தான் எந்த மொழியில் வாசிப்பது என்று முடிவு செய்கிறது.

தண்ணீர்மலை | இரவு 10.05
வலை எழுத்துருவை இணைக்க ஒரு வரி. மொழிக்குறிக்கு இன்னொன்று. செந்தூல்வாசி, எண்ணிக்கொண்டு வருகிறீர்களா?

செந்தூல்வாசி | இரவு 10.09
ஸ்பார்க்கிளில் கூகுள் எழுத்துருக்கள் பட்டியலிலேயே இருக்கின்றன. தேர்ந்தெடுத்தால் முடிந்தது. வரி இல்லை. மறுபடியும் சொல்கிறேன், வரி இல்லை.

கம்பத்துத் தமிழாசிரியர் | இரவு 10.15
அகப்பக்கம் என்று எழுதுகிறீர்களே, அது முகப்புப் பக்கத்தை மட்டும் குறிக்கும் சொல். முழுவதற்கும் இணையத்தளம் என்பதே சரி. இதைப் பலமுறை சொல்லிவிட்டேன்.

தண்ணீர்மலை | இரவு 10.17
நம் நாட்டில் பல ஆண்டுகளாக அகப்பக்கம் என்றுதான் எழுதுகிறோம் ஆசிரியர் ஐயா. தமிழ்நாட்டுச் சொல்தான் தமிழா?

பச்சையிலை | இரவு 10.20
சொல்லை விடுங்கள். சிங்கப்பூருக்குத் தமிழிலேயே .சிங்கப்பூர் என்று முகவரி முடிகிறது. நமக்கு அரபு எழுத்தில் மலாய் எழுதும் ஜாவியில்தான் உண்டு, தமிழில் இல்லை. யாராவது இதற்காகக் குரல் கொடுத்தீர்களா?

செந்தூல்வாசி | இரவு 10.26
அக்கா, அந்தக் கடைக்கு .com.my என்று முடியும் மலேசிய முகவரி வேண்டுமென்றால், வணிகப் பதிவு கேட்பார்களா என்று முதலில் பார்க்க வேண்டும். அதைச் சொல்லாமல் எங்கெங்கோ போகிறீர்கள். பினாங்குக்காரர்களுக்கு எதையும் நேராகப் பேச வராது.

தண்ணீர்மலை | இரவு 10.28
நாசி கண்டார் சோற்றின்மேல் எல்லாக் குழம்பையும் கலந்து பாஞ்சிர் ஊற்றத் தெரியாத ஊரிலிருந்து வந்தவர் நேர்மை பேசுகிறார். நான்கு குழம்பையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைத்துத் தருகிற கோலாலம்பூர்க் கடைகளைப் பார்த்திருக்கிறேன்.

பச்சையிலை | இரவு 10.29
எந்தக் கடை? பிரிக்பீல்ட்ஸிலா? அப்படி நான் பார்த்ததே இல்லை.

மாலைக்கடை மருமகள் | இரவு 10.41
ஐயா, அண்ணன்மார்களே, என்னால் இவ்வளவு சண்டையா? என் மேக் 2017-இல் வந்த மேக்புக் ஏர். மான்டெரி என்ற மேக் இயங்குதளப் பதிப்புக்கு மேல் ஏறாது என்கிறது. மாமியாருக்கு வேண்டியதெல்லாம் கல்யாண மாலைப் படங்கள் பன்னிரண்டு, கடைக்கு வழி, வாட்சாப் பொத்தான் ஒன்று. மென்பொருள் இந்த மேக்கில் ஓடுமா?

பெர்ரிப்பயணி | இரவு 10.46
நல்ல கேள்வி, சகோதரி. பணம் கட்டுவதற்கு முன், அந்த மென்பொருளின் புதிய பதிப்பு மான்டெரியில் ஓடுமா என்று அதன் பக்கத்திலேயே பாருங்கள். 2019-இல் கேட்டலினா என்ற மேக் இயங்குதளப் பதிப்பு வந்தபோது 32 பிட் எனும் பழைய வகைச் செயலிகள் எல்லாம் ஒரே நாளில் திறக்காமல் போயின. சோதனைப் பதிப்பு இருந்தால் ஒரு பக்கம் கட்டிப் பாருங்கள்.

தண்ணீர்மலை | இரவு 10.48
வாட்சாப் பொத்தான்! அதற்கு ஓர் இணைப்பு எழுத வேண்டும். நாட்டுக் குறியீட்டோடு தொலைபேசி எண்ணைக் கோத்து, சாய்கோடு போட்டு. அது என்ன ஐயா? வரிதானே?

செந்தூல்வாசி | இரவு 10.53
அது முகவரி. முகவரி எழுதுகிறவன் நிரல் எழுதுகிறான் என்றால் என் பாட்டியும் நிரலாளர்தான், தைப்பிங்குக்குக் கடிதம் போட்டிருக்கிறார்.

தண்ணீர்மலை | இரவு 10.54
வரியா, இல்லையா? ஒரே சொல்லில் பதில் சொல்லுங்கள்.

செந்தூல்வாசி | இரவு 11.02
ஒட்டுவது எழுதுவது அன்று. இதை எத்தனை முறை கேட்டாலும் அதே பதில்தான். மருமகளே, உங்கள் மேக் பற்றி நாளை எழுதுகிறேன். இவரை முதலில் முடித்துவிட்டு வருகிறேன்.

தண்ணீர்மலை | இரவு 11.03
முடிக்கவா? விடியும்வரை இங்கேதான் இருப்பேன். மெட்டா வரிக்கு வாருங்கள்.