மறு: சிரிப்பும் இரத்தமும் சேர்ந்து வரும் படங்களுக்கு ஒரு சொல் – 'குருதிநகை'

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

நம் சொல்லாக்கக் குழுவின் இந்த இழையை மூன்று நாளாக விடாமல் படித்து வருகிறேன். அடுத்த மாதம் எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் நான்கு பிரிட்டிஷ் படங்களைத் திரையிடுகிறோம். பார்வையாளர்கள் கையில் கொடுக்கும் ஒரு பக்கக் குறிப்பை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். இவை என்ன வகைப் படங்கள் என்று சொல்லத் தமிழில் என் கைக்கு ஒரு சொல் அகப்படவில்லை.

> "கறுப்பு நகைச்சுவையும் கோரத் திகிலும் கலந்த படம் என்று விரித்தே எழுதிவிடலாம். இதற்கு ஒற்றைச் சொல் எதற்கு?"

விரித்து ஒருமுறை எழுதலாம். ஒரே பக்கத்தில் ஆறு முறை எழுதினால் படிப்பவர் தாளை மடித்து வைத்துவிடுவார். ஆனால் எனக்கு உறுத்துவது நீளத்தைவிட, 'கலந்த' என்ற சொல்தான். இரண்டு தனிச் சரக்குகளை யாரோ அளந்து ஊற்றினார்கள் என்ற எண்ணத்தை அது கொடுக்கிறது. நம் ஊர்ப் பேய்ப் படங்களுக்கு அது பொருந்தும். அங்கே நகைச்சுவைக்கென்று ஒரு கூட்டம் இருக்கும். அவர்கள் ஓடி ஒளிந்து நம்மைச் சிரிக்கவைத்த பிறகு, விளக்கு அணைந்து பயம் தொடங்கும். பாரிஸில் 1897 முதல் 1962 வரை இயங்கிய கிராங் கின்யோல் நாடக அரங்கிலும் இதுதான் வழக்கம். ஒரே மாலையில் ஒரு கோர நாடகம், ஒரு கேலி நாடகம், மறுபடி கோரம். வெந்நீரையும் குளிர்ந்த நீரையும் மாற்றி மாற்றி ஊற்றுவதால் பிரெஞ்சுக்காரர்கள் அதை 'ஸ்காட்லாந்துக் குளியல்' என்றார்கள். அழகான பெயர். ஆனால் நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு.

எட்கர் ரைட் இயக்கி, அவரும் சைமன் பெக்கும் எழுதிய 'ஷான் ஆஃப் த டெட்' (2004) படத்தில் இறந்தவர்கள் எழுந்து வந்து மனிதரைக் கடிக்கிறார்கள்; கடிபட்டவர்களும் அப்படியே ஆகிறார்கள். அதில் ஒரு காட்சியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். லண்டன் வீடொன்றின் பின்புறத் தோட்டத்தில் ஓர் இளம்பெண் தள்ளாடி நிற்கிறாள். நாயகன் ஷானும் 'எட்' (Ed) என்ற அவன் நண்பனும் அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைக்கிறார்கள். அவள் ஷானைப் பிடித்துக்கொள்கிறாள், அவன் தள்ளிவிடுகிறான், தரையில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின்மேல் விழுகிறாள். பிறகு மெல்ல எழுகிறாள். வயிற்றில் தட்டளவு துளை. அந்தத் துளை வழியாகவே இருவரின் முகமும் நமக்குத் தெரிகிறது. எட்டின் கையில் பிலிம் கேமரா இருக்கிறது. அவன் பிலிமை அடுத்த படத்துக்கு மெதுவாகச் சுற்றுகிறான்.

அந்தப் பல்சக்கரத்தின் சிறு ஓசையில்தான் அரங்கம் சிரிக்கிறது. துளையை எடுத்துவிட்டால் ஓசையில் வேடிக்கை இல்லை. ஓசையை எடுத்துவிட்டால் துளை வெறும் ஒப்பனை. அடுத்த நிமிடம் இருவரும் கையில் கிடைத்த இசைத்தட்டுகளை எடுத்து அவள்மேல் வீசத் தொடங்குகிறார்கள். எந்தத் தட்டை வீசலாம், எதை வீசக்கூடாது என்று இசை ரசிகர்களாக நின்று வாதாடுகிறார்கள். உயிர் போகும் நேரத்தில் வரும் அந்த வாதம் எவ்வளவு உண்மையானது! பயந்த மனிதன் தனக்குப் பழக்கமான வேலையைத்தான் பிடித்துக்கொள்கிறான்.

இதே படத்தில் ஷானின் மாற்றாந்தந்தையைக் கடித்துவிடுகிறார்கள். குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டேன், ஒன்றுமில்லை என்கிறார். பிறகு தாயும் கடிபடுகிறாள். யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று காயத்தை மறைத்து வைத்திருந்தாள். முதல் பேச்சுக்குச் சிரிக்கிறோம். இரண்டாவதும் அதே பணிவில் வரும் பேச்சுதான். ஆனால் அதைக் கேட்கும்போது தொண்டை அடைக்கிறது. பிரிட்டிஷ் படங்களில் இந்தச் சுவை பிறக்கும் இடம் இதுதான் என்பது என் துணிபு. உடல் சிதைகிறது, நடத்தை சிதைவதில்லை. தேநீர், வரிசை, மன்னிப்புக் கேட்டல், அக்கம்பக்கத்துக்குத் தொல்லை தராமை எல்லாம் இரத்தத்தின் நடுவிலும் ஒழுங்காக நடக்கின்றன.

> "நியூசிலாந்துப் படங்களுக்கு வழங்கும் 'ஸ்பிளாட்ஸ்டிக்' என்பதையே தமிழாக்கினால் போதாதா?"

போதாது. 'ஸ்பிளாட்ஸ்டிக்' என்பது இரத்தம் தெறிக்கத் தெறிக்க வரும் கோமாளிக்கூத்து. பீட்டர் ஜாக்சனின் 'பிரெயின்டெட்' (1992) படத்தில் நாயகன் புல்வெட்டும் இயந்திரத்தை ஏந்திக்கொண்டு பிணக்கூட்டத்துக்குள் நுழைகிறான். அங்கே சிரிப்பு அளவிலிருந்து வருகிறது: இன்னும் இரத்தம், இன்னும் கை கால். நாம் பேசும் படங்களில் அது இடத்திலிருந்து வருகிறது. ஒரு துளி இரத்தம் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தால் போதும். பென் வீட்லியின் 'சைட்சீயர்ஸ்' (2012) படத்தில் ஒரு காதல் இணை கேரவனை இழுத்துக்கொண்டு வட இங்கிலாந்துச் சுற்றுலா போகிறது. கிரிச் டிராம் அருங்காட்சியகம், கெசிக் பென்சில் அருங்காட்சியகம், ரிபிள்ஹெட் பாலம் எல்லாமே உண்மையான, அமைதியான இடங்கள். முதல் சாவுக்குக் காரணம் குப்பை. டிராமில் ஒருவர் குப்பையைக் கீழே போடுகிறார். எடுக்கச் சொன்னால் எடுக்கவில்லை. சற்று நேரத்தில் அவர் கேரவனின் சக்கரத்தின் கீழ் கிடக்கிறார். குப்பை போடுவது தவறு என்ற எண்ணம் நம் எல்லோருக்கும் உண்டு. அந்த நியாயமான எண்ணமே இரத்தத்தில் முடிவதைப் பார்க்கும்போது சிரிப்பும் கூச்சமும் ஒரே மூச்சில் வருகின்றன. கதையை எழுதியவர்களே, ஆலிஸ் லோவும் ஸ்டீவ் ஓராமும், அந்த இணையாக நடித்திருக்கிறார்கள். சொல்வதில் ஒரு சொட்டுக்கூட மிகையில்லாமல் நடித்திருப்பது எனக்கு இன்றும் வியப்பு.

எல்லையையும் சொல்லிவிடுகிறேன். 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் காரனெட்ஸ்' (1949) படத்தில் ஒருவன் தன் உறவினர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுகிறான். சிரிப்பு உண்டு, இரத்தம் இல்லை. ஹாமர் என்ற பிரிட்டிஷ் படநிறுவனம் 1957இல் பிராங்கன்ஸ்டைன் கதையை வண்ணத்தில் எடுத்தபோது இரத்தம் சிவப்பாகத் தெரிந்தது, சிரிப்பு இல்லை. இரண்டும் ஒரே சட்டகத்துக்குள் வந்த படம் என்று நான் காட்டுவது டக்ளஸ் ஹிக்காக்ஸின் 'தியேட்டர் ஆஃப் பிளட்' (1973). வின்சென்ட் பிரைஸ் அதில் ஷேக்ஸ்பியர் நடிகர். தன்னை மட்டம் தட்டிய விமர்சகர்களை ஷேக்ஸ்பியர் நாடகச் சாவுகளாலேயே கொல்கிறார். ராபர்ட் மோர்லி ஏற்ற விமர்சகர் தன் இரு நாய்களையும் பிள்ளைகளாக வளர்ப்பவர். அவருக்கு அந்த நாய்களையே சமைத்துப் பரிமாறுகிறார்கள். 'டைட்டஸ் ஆண்ட்ரோனிகஸ்' நாடகத்தில் தாய்க்கு மகன்களைச் சமைத்துப் போட்ட அதே பலகாரம். ஆக, இந்தச் சுவைக்கு அந்த நாட்டில் 400 ஆண்டுப் பழக்கம் இருக்கிறது.

இனி இந்த இழையில் நீங்கள் முன்மொழிந்த சொற்களுக்கு வருகிறேன்.

'கறுப்பு நகைச்சுவை' வேண்டாம். ஒரு நிறத்தைக் கேட்டுக்கு அடையாளமாக்குவதை இந்தக் குழுவிலேயே பலர் மறுத்திருக்கிறார்கள்; நானும் மறுக்கிறேன். 'அவல நகைச்சுவை'யில் ஏற்கெனவே வேறொருவர் குடியிருக்கிறார்: அவலத்தில் தொடங்கி நல்லபடி முடியும் நாடகத்துக்கு அது வழங்கி வருகிறது.

'கோரநகை' என்று முன்மொழிந்த அக்காவின் சொல் எனக்கு முதலில் மிகவும் பிடித்தது. ஓசை நன்றாக இருக்கிறது. ஆனால் 'கோரப்பல்' என்றால் கோரமான பல். அப்படியே 'கோரநகை' என்றால் கோரமாகச் சிரிப்பது என்றுதான் காது வாங்கிக்கொள்ளும். வில்லன் தலையை நிமிர்த்திச் சிரிக்கும் சிரிப்பு கண்முன் வந்துவிடும். நமக்கு வேண்டியது கோரத்தைக் கண்டு நாம் சிரிக்கும் சிரிப்பு.

'இளிநகை'யைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் 'இளிவரல்' (அருவருப்பு) வழியாக அமைத்திருக்கிறார்கள். வேர் சரி. ஆனால் இன்றைய வாசகருக்கு 'இளி' என்றவுடன் பல்லை இளிப்பதுதான் நினைவுக்கு வரும்.

'நிணநகை'யை (நிணம் என்றால் கொழுப்பு) விட்டுக்கொடுக்க எனக்கு மனமே இல்லை. பேராசிரியர் ஐயா அதைக் கலிங்கத்துப்பரணியிலிருந்து எடுத்திருக்கிறார். போர்க்களத்தில் பேய்கள் கூழ் சமைக்கும் பகுதியைப் படித்தவர்கள் இதை உடனே உணர்வார்கள். பசியால் துடிக்கும் பேய்கள்கூட ஒழுங்கு தவறுவதில்லை. முதலில் யானைத் தந்தத்தால் பல் துலக்குகின்றன, யானையின் விலா எலும்பால் நாக்கை வழிக்கின்றன, பிறகுதான் சமையல். ஊரே பிணமாகக் கிடக்க, காலைக் கடன் முறைப்படி நடக்கிறது! ஜெயங்கொண்டார் கண்ட இந்த இணைப்பைத்தான் தோட்டத்தில் பிலிமைச் சுற்றும் எட்டிடமும் காண்கிறேன். ஆனாலும் சொல் தேறவில்லை. இன்று 'நிணம்' என்பதை மக்கள் 'நிணநீர்', 'நிணநீர்க் கணு' என்று மருத்துவமனையில்தான் கேட்கிறார்கள். நோய் பற்றிய சொல்லாகிவிட்டது.

எனவே என் முன்மொழிவு: குருதிநகை.

'குருதி' என்பது 'குருதிக்கொடை' வழியாக எல்லோரும் அறிந்த சொல். பாட்டிலும் நிற்கும், பதாகையிலும் நிற்கும். 'நகை' என்றால் அணிகலன் என்று மயங்குமே என்று கேட்பீர்கள். 'புன்னகை' என்று எழுதும்போது யாரும் தங்கத்தை நினைப்பதில்லை. மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. ஷான் காலையில் தூக்கக் கலக்கத்தோடு கடைக்குப் போகிறான். குளிர்பெட்டிக் கதவில் இரத்தக் கைத்தடம் இருக்கிறது. அவன் கண்ணில் படவில்லை. அது பேதைமையால் வந்த நகை. 'நகைச்சுவை'யைவிட 'நகை' இங்கே ஆழமாகப் பொருந்துவதற்கு அதுவே போதுமான சான்று.

இதை ஏற்றால் ஒரு குடும்பமே கிடைக்கிறது. இரத்தமில்லாத 1949 படத்துக்கு 'இருள்நகை'. இரத்தம் கட்டாயமில்லாத, சிரிப்பும் பயமும் பொதுவாகச் சேர்ந்த படத்துக்கு 'நகையச்சம்', இராப்பகல் போல உம்மைத்தொகையாக. நாம் பேசும் இதற்குக் 'குருதிநகை'.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

* * *

மறுநாள், அதே இழையில்

> "தமிழில் தொகைச்சொல்லின் கடைசிச் சொல்லே தலைமை. 'குருதிநகை' என்றால் இவையெல்லாம் நகைச்சுவைப் படங்கள் என்று ஆகிவிடும். 'செவரன்ஸ்' நகைச்சுவைப் படமா? எனக்கு இரண்டு இரவு தூக்கம் வரவில்லை."

ஐயா, நீங்கள் சொல்வது சரி. இதை நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

கிறிஸ்டோபர் ஸ்மித்தின் 'செவரன்ஸ்' (2006) படத்தில் ஆயுத நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் குழுவுணர்வு வளர்க்கும் பயிற்சிக்காகக் கிழக்கு ஐரோப்பியக் காட்டுக்குப் போகிறார்கள். ஒருவரின் கால் கரடிப் பொறியில் சிக்கித் துண்டாகிறது. சக ஊழியன் அந்தக் காலைப் பத்திரப்படுத்த வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பஸ்ஸில் உள்ள சிறிய குளிர்பெட்டிக்குள் திணிக்கப் பார்க்கிறான். அந்த நொடி குருதிநகைதான். ஆனால் அந்த நொடி போனபின் காட்டில் ஆயுதத்தோடு வருபவர்கள் இருக்கிறார்கள், பயம் குறையவில்லை. படத்தின் தலைமை அச்சத்திடம்தான் இருக்கிறது.

நேற்றிரவு வெகுநேரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். குருதிநகையைப் படத்தின் வகைப்பெயராக வைத்ததுதான் என் பிழை. அது ஒரு சுவையின் பெயர், காட்சியில் வாழ்வது. 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' (1981) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இயக்கியவர் அமெரிக்கர் ஜான் லாண்டிஸ். ஆனால் கதை நடப்பது இங்கிலாந்தில். ஓநாயால் கிழிபட்டு இறந்த நண்பன் லண்டன் மருத்துவமனைக்கு வந்து நாயகனின் கட்டிலருகே நிற்கிறான். கழுத்துச் சதை கிழிந்து ஆடுகிறது. உன் தட்டில் இருக்கும் ரொட்டியில் ஒரு துண்டு தருகிறாயா என்று கேட்கிறான். குருதிநகை அந்தக் கேள்வியில் இருக்கிறது. படம் முழுவதையும் அப்படி அழைத்தால், கடைசியில் வரும் துயரத்துக்கு நாம் துரோகம் செய்தவர்கள் ஆவோம்.

ஆகவே திருத்தம். சுவைக்குக் 'குருதிநகை'. சிரிப்பு முன்னிற்கும் படம் 'குருதிநகைப் படம்'. பயம் முன்னிற்கும் படம் 'குருதிநகைத் திகில்'. 'ஷான்', 'சைட்சீயர்ஸ்' முன்னதில் வரும், 'செவரன்ஸ்' பின்னதில். தலைமைச் சொல் மாறினால் வகையும் மாறும் என்பதால் உங்கள் இலக்கண மறுப்பும் தீர்ந்துவிடுகிறது என்று நம்புகிறேன்.

குழுவின் சொற்பட்டியலுக்கு என் வரைவு:

குருதிநகை – பெயர்ச்சொல். உடல் சிதையும் கோரமும், அதன் நடுவிலும் மாறாத அன்றாட நடத்தையும் ஒரே கணத்தில் எதிர்ப்படுவதால் எழும் சிரிப்பு. பகடி வேறு, இருள்நகை வேறு. எடுத்துக்காட்டு: 'காயத்தைக் குழாயில் கழுவிவிட்டதாக அவர் சொல்லும் இடத்தில் குருதிநகை உச்சம் தொடுகிறது.'

பட்டியலில் ஏற்றுபவருக்கு ஒரு வேண்டுகோள். 'குறுநகை' என்ற சொல்லுக்கு இது ஒலியிலும் எழுத்திலும் மிக நெருக்கம். மெய்ப்புப் பார்க்கும்போது 'குருதி'யில் உள்ள 'ரு' பிழையில்லாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். என் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. வியாழன் மாலைவரை வரும் மறுப்புகளைச் சேர்த்துக்கொண்டு எழுதுகிறேன்.