மறு: சிறைப்பட்ட ஓர்க்காக்களைக் (கொலைத்திமிங்கலங்களைக்) கடலுக்குத் திருப்புவது – எந்தச் சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

> “கடல் விடுதலை என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லாருக்கும் புரியும்.”

புரியும் ஐயா; தப்பாகப் புரியும். துண்டறிக்கைக்கு ‘விடுதலை’ அருமையான சொல். கலைச்சொல் பட்டியலில் சேர்த்தாலோ மூன்று வெவ்வேறு காரியங்கள் அதற்குள் மறைந்துவிடும்.

கெய்க்கோ என்ற ஓர்க்காவையே பாருங்கள். 1979இல் ஐஸ்லாந்துக் கடலில் குட்டியாகப் பிடிபட்டது. கனடா, மெக்சிகோ என்று தொட்டி மாறி, ஒரு ஹாலிவுட் படத்தில் நடித்துப் புகழ் பெற்றது. அதன் பிறகு மக்கள் கொடுத்த நெருக்குதலால் 1996இல் அமெரிக்காவின் ஆரிகனுக்கும், 1998இல் ராணுவ விமானத்தில் ஐஸ்லாந்தின் கிளெட்ஸ்விக் குடாவுக்கும் போனது. அங்கே வலையடைப்புக்குள் உயிருள்ள மீனைப் பிடித்துத் தின்னப் பழக்கினார்கள். படகோடு திறந்த கடலுக்கு அழைத்துப்போய் வந்தார்கள். 2002இல் தானாகவே நார்வே வரை நீந்தியது. போன இடத்தில் என்ன செய்தது? மனிதர்களைத் தேடி வந்து, பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு விளையாடியது. 2003 டிசம்பரில் நிமோனியாவால் இறந்தது. கடலில் விட்டார்கள், சரி. தன் இனத்தோடு அது ஒட்டவே இல்லை.

ஸ்பிரிங்கர் என்ற ஓர்க்காவின் கதை வேறு. 2002 தொடக்கத்தில் சியாட்டில் அருகே தனியாகத் திரிந்த தாயில்லாக் குட்டி. எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதை அதன் குரலும் காட்டிக்கொடுத்தது. ஓர்க்காக் குடும்பங்களுக்குத் தனித்தனி ஒலிவழக்கு உண்டு. சில வாரம் வலையடைப்பில் தேற்றி, ஜூலையில் கனடாவின் ஜான்ஸ்டன் நீரிணைப் பகுதிக்குக் கொண்டுபோய், சொந்தங்கள் அவ்வழியே வந்தபோது திறந்துவிட்டார்கள். 2013இல் அது குட்டியோடு காணப்பட்டது.

இன்றைய பிரசாரங்கள் பல கேட்பது இவ்விரண்டையும் அல்ல. பல்லாண்டு தொட்டியில் இருந்த விலங்குக்குக் குடாவில் வலைகட்டி, தீனியும் மருத்துவமும் கொடுத்துக் கடைசிவரை பராமரிப்பதையே கேட்கின்றன. 1970இல் பிடிபட்டு மயாமி தொட்டியில் இருந்த டோக்கிட்டே என்ற ஓர்க்காவைத் தாய்க்கடலுக்குக் கொண்டுபோகும் திட்டம் 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. அந்த ஆகஸ்டிலேயே அது இறந்துவிட்டது.

ஆகவே என் முன்மொழிவு: வலையடைப்புக்குக் கடற்பட்டி, பழக்கித் திறந்துவிடுவதற்குக் கடல்விடுகை, சொந்தக் கூட்டத்தோடு இணைப்பதற்குக் குடிசேர்ப்பு. ‘கடற்கூண்டு’ வேண்டாம், ராமேஸ்வரம் அருகே மண்டபம் பக்கம் கடல்விறால் மீன் வளர்ப்போர் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். ‘சரணாலயம்’ என்றால் நம்மவர் வேடந்தாங்கலை நினைப்பார்கள்.

> “பட்டி என்பது தெருமாட்டைப் பிடித்து அடைக்கும் இடம் அல்லவா அம்மா?”

நகராட்சி வழக்கில் அப்படியும் உண்டு. கிடைபோடும் இடையரிடம் கேட்டால், ஆட்டை அடைத்துக் காக்கும் இடம் என்பார். எப்படியிருந்தாலும் அடைப்பு அடைப்புதான். அதை மூடி மறைக்காத சொல் என்பதாலேயே எனக்குப் பிடித்திருக்கிறது.

வரைவில் உள்ள ‘காட்டுக்குத் திருப்புதல்’ என்பதைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். ஓர்க்காவைக் காட்டில் விட்டால் வனத்துறைதான் பாவம்.

‘மீள்குடியேற்றம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். போரில் இடம்பெயர்ந்தோர் ஊர் திரும்புவதற்கு இலங்கையில் வழங்கும் சொல் அது. இங்கே வைக்க எனக்கு மனம் வரவில்லை. ‘குடிசேர்ப்பு’ என்பதும் அவர்கள் காதில் அப்படியே விழுமா என்பதை யாழ்ப்பாண நண்பர்கள் சொல்ல வேண்டும்.

அன்புடன்.