கடலோர விடுமுறை வீட்டின் விலை இறங்கிக்கொண்டே போகிறது: விற்பதா, காத்திருப்பதா?

கேள்வி | அலையோரம்

வணக்கம். நானும் என் அக்காவும் சேர்ந்து 2021ஆம் ஆண்டு, கடலைப் பார்த்தபடி நிற்கும் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றின் இரண்டாம் தளத்தில் விடுமுறைக்கென ஒரு வீடு வாங்கினோம். பாதித் தொகை எங்கள் சேமிப்பு. மீதி, மாறும் வட்டியில் எடுத்த கடன். ஆண்டில் சில வாரங்கள் நாங்கள் தங்கிக்கொண்டு, மற்ற நாட்களில் வாடகைக்கு விட்டுத் தவணையைக் கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். முதல் இரண்டு ஆண்டுகள் கணக்குத் தப்பவில்லை. பிறகு தவணை ஏறியது. வாடகைக்கு வருபவர்கள் குறைந்தார்கள்.

இப்போது எங்கள் கட்டடத்திலேயே மூன்று வீடுகள் மாதக்கணக்கில் விலை போகாமல் கிடக்கின்றன. கடைசியாகக் கைமாறிய வீடு, நாங்கள் கொடுத்த விலையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகப் போயிருக்கிறது. தரகர் பொறுத்திருக்கச் சொல்கிறார். அக்காவோ கிடைப்பதை வாங்கிக்கொண்டு விலகிவிடுவோம் என்கிறார். இதனால் எங்கள் இருவருக்குள்ளும் மனவருத்தம் வந்துவிடுமோ என்பதுதான் எனக்குப் பெரிய கவலை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பால்கனியின் அடிப்புறத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு உப்பிக்கொண்டு விழுந்தது. ஆள் வைத்துப் பூசினோம். எட்டு மாதத்தில் அந்த ஒட்டின் ஓரத்திலேயே பழுப்புக் கறையோடு புதிய விரிசல் விட்டிருக்கிறது. விலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில் | தவணைக்கணக்கு

நீங்கள் வாங்கிய ஆண்டையே முதலில் பார்க்க வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்ற நிலை வந்தபோது, பல நாடுகளில் கடலோர வீடுகளுக்கு ஒரே நேரத்தில் ஆட்கள் குவிந்தார்கள். கடனும் மலிவாக இருந்தது. அமெரிக்க மத்திய வங்கியின் அடிப்படை வட்டி அப்போது ஏறக்குறைய பூச்சியம். 2023 ஜூலையில் அது 5.25 முதல் 5.5 விழுக்காடு வரை போனது. பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கியின் வட்டி 0.1 விழுக்காட்டிலிருந்து 2023 ஆகஸ்டில் 5.25 ஆனது. ஆகவே நீங்கள் வாங்கிய விலையில் ஒரு பகுதி வீட்டின் மதிப்பே அல்ல, மலிவான கடனின் மதிப்பு.

விடுமுறை வீட்டுக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. குடியிருக்கும் வீட்டை, விலை சரிந்தாலும் மக்கள் எளிதில் விற்பதில்லை; எங்காவது குடியிருந்துதானே ஆக வேண்டும். கை இறுகும்போது முதலில் விற்பனைக்கு வருவது இரண்டாவது வீடுதான். அதிலும் ஓரிடத்தில் ஆண்டுக்கு நான்கைந்து வீடுகளே கைமாறும் என்றால், அவசரத்தில் விற்ற ஒருவரின் விலையே மற்ற எல்லோருடைய விலையாகவும் ஆகிவிடுகிறது. எனவே அந்த ஐந்தில் ஒரு பங்குச் சரிவை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விற்றவர் ஏன் விற்றார் என்று விசாரியுங்கள். அதேபோல், விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையை நம்பி ஆறுதலும் கொள்ள வேண்டாம். வீடு உண்மையில் கைமாறிய விலையையே பாருங்கள்.

வரியும் சேர்ந்துகொள்கிறது. வேல்ஸில் 2023 ஏப்ரல் முதல் இரண்டாவது வீடுகளுக்கு உள்ளாட்சி வரியின் மேல் 300 விழுக்காடு வரை கூடுதலாக விதிக்க உள்ளாட்சி மன்றங்களுக்கு அதிகாரம் தரப்பட்டது. இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் முதல் 100 விழுக்காடு வரை விதிக்கலாம். இப்படி ஒரு விதி வரும்போது, ஒரே ஊரில் பலர் ஒரே நேரத்தில் விற்க முன்வருகிறார்கள். உள்ளூர் மக்களுக்கு வீடு கிடைக்க வேண்டும் என்ற நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கியவர்கள் இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

வட்டியால் விழுந்த விலை, வட்டி இறங்கும்போது ஓரளவு திரும்பும். அந்த அளவில் உங்கள் தரகர் சொல்வது தவறில்லை.

பதில் | கம்பியும் கான்கிரீட்டும்

நான் கட்டமைப்புப் பொறியாளர். கடலோரக் கட்டடப் பழுதுகளைத்தான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நீங்கள் கடைசியில் போகிற போக்கில் சொன்ன அந்தப் பால்கனியைத்தான் முதலில் பேச வேண்டும் என்பேன்.

கடற்காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டுக்குள் மெல்ல மெல்ல இறங்கிக் கம்பியைத் தொடுகிறது. அதுவரை கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காத்து வந்திருக்கும். உப்பு போதிய அளவு சேர்ந்ததும் அந்தக் காப்பு உடைகிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளிருந்து நெட்டித் தள்ளுவதால்தான் பூச்சு உப்பி விழுகிறது. மேலே புதிதாகப் பூசினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். உப்பேறிய பழைய கான்கிரீட்டை விட்டுவிட்டுப் புதிய கலவையை ஒட்டினால், அந்த ஒட்டுக்கு வெளியே உள்ள கம்பி முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். நீங்கள் ஒட்டின் ஓரத்தில் பார்த்த விரிசல் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். உங்களுக்கு வேலை செய்தவர் ஏமாற்றினார் என்று இதற்குப் பொருளில்லை. அவரிடம் பூசத்தான் சொன்னீர்கள், அவர் பூசினார்.

இது விலையை எப்படித் தொடுகிறது என்றால், பால்கனி உங்களுடையதாகத் தோன்றினாலும் கட்டடம் எல்லோருக்கும் பொதுவானது. 2021 ஜூன் 24 அன்று புளோரிடாவின் சர்ஃப்சைடில் கடற்கரையை ஒட்டிய பன்னிரண்டு மாடிக் குடியிருப்பின் ஒரு பெரும்பகுதி இடிந்து 98 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அந்த மாநிலம் சட்டம் இயற்றி, மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள பழைய குடியிருப்புகளுக்குக் கட்டமைப்பு ஆய்வையும், பெரும்பழுதுகளுக்கான சேம நிதியையும் கட்டாயமாக்கியது. அதுவரை மாதச் சந்தாவைக் குறைவாக வைத்திருக்க வேண்டும் என்பதற்காகச் சேம நிதியைத் தள்ளிப்போட்டு வந்த வீட்டு உரிமையாளர் சங்கங்கள் பல, ஒரே அடியாகப் பெருந்தொகை கேட்டன. அங்கே பழைய குடியிருப்புகளின் விலை இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம். இத்தகைய சரிவு வட்டி இறங்கினாலும் திரும்பாது. பழுது பார்த்த பிறகே திரும்பும்.

ஆகவே உங்கள் சங்கத்திடம் கடந்த சில ஆண்டுகளின் கூட்டக் குறிப்புகளையும் சேம நிதிக் கணக்கையும் கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால், அந்தத் தயக்கத்தையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பதில் | மணற்கரை

மேலே இருவரும் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கரையைப் பாருங்கள். உலகின் சராசரிக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை சுமார் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006க்குப் பிந்தைய காலத்தில் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் உயர்ந்தது. கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றும். ஆனால் மணல் வரத்துக் குறைந்த கரையை அலை அரித்துக்கொண்டே உள்ளே வருகிறது.

பிரான்சின் சுலாக்-சுர்-மேர் ஊரில் 'லெ சிஞால்' என்ற நான்கு மாடிக் கட்டடம் 1960களின் இறுதியில் எழுந்தபோது, கடல் சுமார் 200 மீட்டர் தள்ளி இருந்தது. 2014இல் எல்லோரையும் வெளியேற்றினார்கள், 2023இல் இடித்தார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் உரிமையாளர்கள் இழப்பீட்டுக்காக வழக்காடினார்கள், ஏனென்றால் படிப்படியான அரிப்பை அங்குள்ள பேரிடர் நிதி ஏற்கவில்லை. ஒரே இரவில் வீட்டைக் கொண்டுபோகும் புயலுக்கு ஒரு வழி, ஐம்பது ஆண்டில் கொண்டுபோகும் கடலுக்கு வேறு வழி என்றிருக்கும் இந்த வேறுபாட்டை எத்தனை பேர் காப்பீட்டுப் பத்திரத்தில் தேடிப் பார்த்திருப்பார்கள்?

காப்பீடு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது; கடனோ இருபது ஆண்டுக்கு. காப்பீட்டு நிறுவனம் அடுத்த ஆண்டு பிரீமியத்தை ஏற்றலாம், புதுப்பிக்க மறுக்கவும் செய்யலாம். மறுத்துவிட்டால் வாங்க வருபவருக்கு வங்கி பெரும்பாலும் கடன் தராது. முழுப் பணத்தையும் கையில் வைத்திருப்பவர் மட்டுமே வாங்க முடியும். அவர் எவ்வளவு குறைத்துக் கேட்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுப் பிரீமியத் தொகைகளை வரிசையாக எழுதிப் பாருங்கள். உங்கள் வீட்டின் எதிர்கால விலையைத் தரகரைவிட அது நேர்மையாகச் சொல்லும்.

பதில் | ஓய்வுநாள்

எங்கள் குடும்பமும் இதே நிலையில் இருந்தது. நாங்கள் விற்கவில்லை. ஆனால் அப்போது கடன் முழுவதும் அடைபட்டிருந்தது, விற்ற பணம் உடனடியாகத் தேவைப்படவும் இல்லை. பிள்ளைகள் நீச்சல் கற்ற இடம் என்பதற்கும் எங்கள் மனத்தில் ஒரு விலை இருந்தது. கடன் நிற்கும்போது அந்த விலையைக் கணக்கில் சேர்ப்பது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேட்டவர் | அலையோரம்

அனைவருக்கும் நன்றி. நேற்று அக்காவோடு உட்கார்ந்து காப்பீட்டுப் பிரீமியங்களை எழுதிப் பார்த்தோம். மூன்று ஆண்டுகளில் இரண்டு மடங்காகியிருக்கிறது. தவணையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் இது எங்கள் கண்ணில் படவே இல்லை. சங்கத்துக்குக் கடிதம் எழுதிவிட்டோம். பொறியாளர் ஐயாவுக்கு ஒரு கேள்வி: ஆய்வு செய்து பழுது இருப்பதாக அறிக்கை வந்துவிட்டால், வாங்க வருபவரிடம் அதைக் காட்டத்தான் வேண்டுமா?

பதில் | கம்பியும் கான்கிரீட்டும்

காட்டுங்கள். தெரிந்த குறையை மறைப்பது பல நாடுகளில் வழக்குக்கு இடம் கொடுக்கும். அதைவிட, அந்தப் பால்கனியின் மேல் நாளை நிற்கப் போகிறவர் அவர். அறிக்கையோடு பழுதுச் செலவின் மதிப்பீட்டையும் சேர்த்து வையுங்கள். எவ்வளவு செலவாகும் என்று தெரியாதபோதுதான் வாங்குபவர் அச்சத்தில் விலையை அதிகமாகக் குறைத்துக் கேட்பார். ஆய்வு முடியும் வரை அந்தப் பால்கனிக்குக் கீழே யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.