அப்டைமுக்குத் தமிழ்ல என்ன? அவசரம், நாளைக்குக் காலைல கிளாஸ்

எல்லாருக்கும் வணக்கம். தாம்பரத்துல பசங்களுக்கு லினக்ஸ் எடுக்கறேன், நாளைக்கு அப்டைம் கமாண்ட். கடைசியா பூட் ஆனதுலேர்ந்து மெஷின் எவ்ளோ நேரமா ஓடுது, எத்தனை பேர் லாகின், 1, 5, 15 நிமிஷ லோடு ஆவரேஜ் (மெஷினுக்கு சராசரியா எவ்ளோ வேலை இருந்துதுன்னு) எல்லாம் காட்டுமே, அது. லோடுக்கு சுமைன்னு போட்டுட்டேன். அப்டைமுக்கு "விழிப்பு நேரம்" ஓகேவா?

---

> விழிப்பு நேரம் ஓகேவா

வேணாம்மா. லேப்டாப்பை மூடி தூங்க வெச்சாலும் லினக்ஸ் அந்த நேரத்தையும் சேத்துதான் எண்ணும். தூங்கினதை விழிப்புன்னு எப்படி சொல்றது? எழுநேரம்னு வைங்க.

---

எழுகடல், எழுபதுன்னா ஏழு தானே அய்யா, எதை ஏழு தடவைன்னு கேப்பாங்க. ஓடுநேரம் போதும்.

---

ஓடுநேரம் வினைத்தொகை தம்பி. காலம் கரந்த பெயரெச்சம். ஊறுகாய் மாதிரி ஊறின காய், ஊறுற காய், ஊறப்போற காய் எல்லாம் உள்ள வந்துரும், அப்டைம்ல இனிமே ஓடப்போறது வராதே. என் ஓட்டு இயங்குநேரத்துக்கு.

---

> இயங்குநேரத்துக்கு

அதுவும் வினைத்தொகை தானே அய்யா 🙂

சம்பந்தமில்லாம ஒண்ணு. பழைய லினக்ஸ் 2.4 கர்னல்ல, அதாவது அதோட மையப் பகுதில, நொடிக்கு 100 துடிப்பு, அதை எண்ற கவுன்ட்டர் 32 பிட்தான், அதனால 497 நாள் தாண்டினா நிரம்பி திரும்ப பூஜ்யத்துலேர்ந்து கிளம்பும், மெஷின் ஒரு நொடி கூட நின்னிருக்காது ஆனா இப்பதான் பூட் ஆச்சுங்கும். நம்ம ஏரியால 497 நாள் தொடர்ந்து கரன்ட் இருந்தாதானே, 2016 வர்தா புயல்ல என் வீட்டு சர்வர் படுத்ததோட அந்த ஆசையே போச்சு.

---

எனக்கு ஒண்ணு தோணுது, இதுக்கு பெயர்ச்சொல்லே எதுக்கு? ஆட்டோக்காரர் கூட "மூணு நாளா ஓடுது"ன்னுதான் சொல்வார், அந்த "நாளா"வுலேயே ஆரம்பிச்சதும் இருக்கு, இன்னும் நிக்கலைங்கறதும் இருக்கு. இங்கிலீஷ்காரன் அதுக்கு ஒரு பேர் வெச்சான். "12 நாளாக ஓடுகிறது", அவ்ளோதான்.

---

அழகா இருக்கு சார், ஆனா என் அட்டவணைல தலைப்புக் கட்டத்துக்கு "ஆக"ன்னு மட்டும் போடவா? மூணு பேர் ஓடுநேரம்னு தனி மெயில் வேற போட்டிருக்காங்க. ஜெராக்ஸ் கடை மூடறதுக்குள்ள போகணும், "ஓடிய நேரம்"னு போட்டுட்டேன்.

---

ஓடிய நேரம்னா மெஷின் நின்னுபோச்சுன்னுல்ல ஆகுது? நான் இயங்குநேரம்தான் எழுதுவேன்.