ஆன்லைன் ஆங்கில வகுப்பில் கவிதை எடுத்திருக்கிறீர்களா? அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு ஜூமில் ஆங்கிலம் எடுக்கிறேன். இலக்கணப் பயிற்சி என்றால் கடகடவென்று முடித்துவிடுவார்கள், பேசச் சொன்னால் கேமராவும் அணைந்துவிடும். கவிதை கொண்டுவந்த பிறகுதான் பலருடைய குரலையே கேட்டேன்.

அடிக்கடி எடுப்பது, ஆங்கிலக் கவிஞர் கிறிஸ்டினா ரோசெட்டி 1872-ல் குழந்தைகளுக்காக வெளியிட்ட தொகுப்பில் இருக்கும் ‘ஹூ ஹேஸ் சீன் த விண்ட்?’ (காற்றை யார் பார்த்தது?) என்ற கவிதை. எட்டே வரி. பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் திரையில் தாராளமாகப் போடலாம். பெரியவர்களுக்குக் குழந்தைப் பாட்டா என்று யாரும் முகம் சுளித்ததில்லை.

எல்லோரும் கோரஸாகப் படிப்பது ஆன்லைனில் நடக்காது. ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேர்ந்து வெறும் இரைச்சலாகிவிடும். அதனால் மைக்கில் நான் மட்டும் படிப்பேன். மற்றவர்கள் மைக்கை அணைத்துவிட்டு என்னோடு வாய்விட்டுப் படிப்பார்கள். யாருக்கும் கேட்காது என்கிற தைரியம் இருக்கிறதே, நேர் வகுப்பில் அதைக் கொடுக்கவே முடியாது.

எந்தச் சொல்லை அழுத்திச் சொல்வது என்று பழகவும் இதே கவிதைதான். தலைப்பாகவும் இருக்கும் முதல் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஹூ, சீன், விண்ட்’ மூன்றிலும் குரல் ஊன்ற வேண்டும். ‘ஹேஸ்’, ‘த’ இரண்டும் சட்டென்று நழுவ வேண்டும். எல்லாச் சொல்லுக்கும் ஒரே கனம் கொடுத்துப் பழகியவர்களுக்கு இது விதியாகச் சொன்னால் ஏறாது. மேசையில் தட்டிக்கொண்டே படிக்கச் சொன்னால் தானாக வந்துவிடும்.

ஒரு முறை ஒருவர் சாட்டில் கேட்டார்: “முதல் பத்தியில் ‘நைதர் ஐ நார் யூ’, இரண்டாவதில் ‘நைதர் யூ நார் ஐ’. அச்சுப்பிழையா?” நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொருவர் கண்டுபிடித்தார்: முதல் பத்தி ‘த்ரூ’ என்று முடிகிறது, அதற்கு ‘யூ’, அடுத்தது ‘பை’ என்று முடிகிறது, அதற்கு ‘ஐ’. அதுவரை வாயே திறக்காதவர்கள்கூட மைக்கைத் திறந்து இரண்டு பத்தியையும் படித்துக் காட்டினார்கள். எதுகை, இயைபு என்று நான் பாடம் நடத்தியிருந்தால் இந்தச் சந்தோஷம் வந்திருக்காது.

பதில் 1

நான் கடைசிச் சொல்லை மறைத்து வைப்பேன். எல்லோரும் சாட்டில் தங்கள் ஊகத்தை அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், நான் சொன்னதும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். முந்தியவரைப் பார்த்து எழுதுவது நின்றுவிடும். அப்புறம், பாதிப் பேர் போனில்தான் வகுப்புக்கு வருகிறார்கள். திரையைத் தள்ளாமல் முழுதாகத் தெரியும் கவிதையாக எடுங்கள்.

பதில் 2

எனக்கு ஒரு தயக்கம் உண்டு. கவிதைக்காக மாற்றிப்போட்ட சொல்வரிசையை என் மாணவர் ஒருவர் அலுவலக மெயிலில் அப்படியே எழுதிவிட்டார். அதிலிருந்து, படித்து முடித்ததும் ஒவ்வொரு வரியையும் சாதாரணப் பேச்சாகச் சொல்லச் சொல்கிறேன். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

பதில் 1-க்கும் 2-க்கும்

ஒரே நேரத்தில் அனுப்பும் யோசனை அருமை, அடுத்த வகுப்பிலேயே செய்கிறேன். பேச்சாக மாற்றுவதைச் சோடி சோடியாகத் தனி அறைக்கு அனுப்பிச் செய்யச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. ஒன்று மட்டும்: “கவிஞர் என்ன சொல்ல வருகிறார்?” என்று முதலிலேயே கேட்டுவிடாதீர்கள். பரீட்சை என்று நினைத்து எல்லோரும் மறுபடி அமைதியாகிவிடுவார்கள்.